சிவப்பு வரவேண்டிய இடத்தில் பச்சை: ஆக்சஸ் ஃபார்மும் ஒரு மொய்க் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு திட்டுல இருந்து ஆரம்பிக்குது. வாங்கினது எங்க மாமா. நியாயமா அது எனக்கு வந்திருக்கணும். ஏன்னா அந்த ஃபார்மை எழுதினது நான்.

மாமா ஆலங்குடி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கார். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், இதெல்லாம் வருஷம் முழுக்க. ஆடி பிறந்துட்டா லேப்டாப்பையும் பிரிண்டரையும் தூக்கிட்டு மொய் விருந்துப் பந்தலுக்குப் போயிடுவார். கணினி மொய் எழுதுறது அவரோட சீசன் தொழில்.

சென்னை, பெங்களூருல இருந்து கேக்குறவங்களுக்காக மொய் விருந்துன்னா என்னன்னு ரெண்டு வரி. கல்யாணத்துல மொய் வைக்கிறது எல்லா ஊர்லயும் இருக்கு. புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், அதை ஒட்டின தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும், மொய்க்காகவே தனியா விருந்து வைப்பாங்க. ஆடி, ஆவணியில பத்திரிகை அடிச்சு, கறி விருந்து போட்டு, வர்றவங்க மொய் எழுதுவாங்க. நான் உங்க விருந்துல 5,000 எழுதியிருந்தா, என் விருந்துக்கு நீங்க அந்த 5,000-ஐத் திருப்பணும். அதுக்கு மேல நீங்க எழுதுறது புது மொய். அதை அடுத்த முறை நான் திருப்பணும். வட்டி இல்லாத கடன் மாதிரி. இந்தப் பணத்துல கிணறு வெட்டியிருக்காங்க, பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்காங்க, கடை போட்டிருக்காங்க. பத்திரம் கிடையாது. ஜாமீன் கிடையாது. நோட்டுல எழுதின கணக்கும், ஊர்ல இருக்கிற பேரும்தான் எல்லாம்.

அதனால யார் பேருக்கு நேரா என்ன நிறம் காட்டுதுங்கிறது இங்க சும்மா அழகுக்கு இல்ல.

நடந்தது என்ன

இன்ஜினியரிங் மூணாவது வருஷ லீவுல மாமாவுக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல ஒரு ஃபார்ம் போட்டுக் கொடுத்தேன். பந்தல்ல நெட் இருக்காது, லேப்டாப்புலயே ஓடணும், அதனால ஆக்சஸ். ஒவ்வொரு வரியிலயும் ஊர், பேர், அப்புறம் ரெண்டு தொகை. 'செஞ்சது'ன்னா விருந்து வைக்கிற குடும்பம் முன்னாடி அவருக்கு எழுதினது. 'வந்தது'ன்னா அவர் இன்னைக்கு எழுதுறது. வந்தது குறைவா இருந்தா சிவப்பு, சரியா வந்தா பச்சை. பிற்பாடு மாமாவே ஒரு விதி சேர்த்தார்: அதிகமா வந்தா, அதாவது புது மொய் இருந்தா, நீலம். ராத்திரி விருந்து முடிஞ்சதும் சிவப்புப் பட்டியலை பிரிண்ட் எடுத்து வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்துடுவார்.

போன வருஷம் ஒரு விருந்து. மறுநாள் காலையில அந்த வீட்டுப் பையன் டீக்கடையில வச்சு ஒரு பெரியவரைக் கேட்டுட்டான்: "என்னங்கய்யா, மொய் பாக்கி நிக்குதே?" பெரியவர் ஒண்ணும் பேசாம சட்டைப் பையில இருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். செய்ய வேண்டியது 5,000. அவர் எழுதினது 10,000. பழைய மொய்யையும் திருப்பி, அதே அளவு புது மொய்யும் போட்டிருக்கார். எங்க ஃபார்ம் அவரைச் சிவப்புல காட்டியிருக்கு.

பெரியவர் நேரா மாமா கடைக்கு வந்தார். "மிஷின் சொன்னா அப்படியே அடிச்சுக் கொடுத்துருவியா? என்னைத் தெரியாதா உனக்கு?" இதுதான் அந்தத் திட்டு.

மாமா எனக்கு ஃபோன் பண்ணி, "மாப்ள, சில வரிக்குச் சரியாக் காட்டுது, சில வரிக்குக் காட்டல. ஒரு லேப்டாப்ல நீலம், இன்னொண்ணுல பச்சை. என்னன்னு வந்து பாரு"ன்னார். சனி ஞாயிறு ஊருக்குப் போய் உக்காந்தேன். அந்த ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல் வேலை: விதி எதைப் பாக்குதோ, அதை நாமும் பாக்கணும்

இந்த வசதிக்கு ஆக்சஸ்ல கண்டிஷனல் ஃபார்மேட்டிங்னு பேர். ஆக்சஸ் 1992-ல வந்தது. இந்த வசதி ஆக்சஸ் 2000-ல சேர்ந்தது. ஒரு டெக்ஸ்ட் பாக்ஸுக்கோ காம்போ பாக்ஸுக்கோ விதி எழுதி வச்சா, ஒவ்வொரு வரியா அந்த விதியைச் சோதிச்சு நிறம் போடும்.

நிறம் தப்பா வந்தா எல்லாரும் முதல்ல என்ன பண்றோம்? நிறத்தை மாத்திப் பாக்குறோம், விதியை அழிச்சு மறுபடி எழுதுறோம், ஃபார்மை மூடித் திறக்குறோம். நானும் காலையில ஒரு மணி நேரம் இதையேதான் பண்ணேன். பிரயோஜனம் இல்ல.

அப்புறம் ஒரு வேலை செஞ்சேன். விதிக்குள்ள இருந்த கேள்வியை அப்படியே எடுத்து, பக்கத்துல ஒரு காலி டெக்ஸ்ட் பாக்ஸ்ல சமக்குறி போட்டு ஒட்டினேன். 'செஞ்சது வந்ததைவிடப் பெருசா?' இப்ப ஒவ்வொரு வரிக்கும் பதில் கண்ணுக்குத் தெரியும். ஆமாம்னா மைனஸ் 1, இல்லன்னா 0. ஆக்சஸ்ல உண்மைக்கு மதிப்பு மைனஸ் 1, குழம்ப வேண்டாம்.

பெரியவர் வரியில மைனஸ் 1. அதாவது 5,000, 10,000-ஐ விடப் பெருசாம். சில வரியில 0-வும் இல்ல, மைனஸ் 1-ம் இல்ல, வெறும் காலி. அப்பவே புரிஞ்சுடுச்சு: நிறம் போடுற இடத்துல கோளாறு இல்ல. அதுக்குக் கீழ இருக்கிற தகவல்லதான் இருக்கு.

எண் மாதிரி இருக்கிற எழுத்து

டேபிள் டிசைனைத் திறந்தேன். தொகை காலத்தோட வகை நம்பர் இல்ல, கரன்சியும் இல்ல. டெக்ஸ்ட். ஏன் அப்படி வச்சேன்? மாமா அப்ப, "சில பேருக்கு 5000-ம் ஒரு வேட்டியும்னு எழுதணும்டா"ன்னு கேட்டார். நானும் சரின்னு டெக்ஸ்ட் போட்டேன்.

டெக்ஸ்ட்டா இருந்தா ஒப்பிடுறது அகராதி வரிசையில நடக்கும். முதல் எழுத்தைப் பாக்கும், அதுலயே முடிவு தெரிஞ்சா அங்கேயே நின்னுடும். 5000-க்கு முதல் எழுத்து 5. 10000-க்கு முதல் எழுத்து 1. 5 பெருசு, அதனால 5000 பெருசு. பெரியவர் சிவப்பு.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் இருந்தது. ஒருத்தர் 5,000 திருப்பணும், 800-தான் எழுதியிருக்கார். 8, 5-ஐ விடப் பெருசு, அதனால அவர் பச்சை. அவர்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. பச்சைன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களே.

அப்ப இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சு? 500-க்கு 500, 1,000-க்கு 2,000 எல்லாம் டெக்ஸ்ட்டா ஒப்பிட்டாலும் சரியான பதில்தான் வரும். இலக்கங்களோட எண்ணிக்கை மாறும்போதுதான் உடையும். 'சில நேரம் சரி, சில நேரம் தப்பு'ன்னு உங்களுக்குத் தோணினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சட்டுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி: டேபிளைத் திறந்து பாருங்க. நீங்க எதுவும் மாத்தாம இருந்தா எண் வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிக்கும். இன்னொண்ணு, காலம் சரியான வகையில இருந்தாலும் குவெரியில ஃபார்மேட் ஃபங்ஷன் போட்டு கமா வச்சு அழகாக் காட்டினீங்கன்னா, வெளியே வர்றது டெக்ஸ்ட்தான். அழகை டெக்ஸ்ட் பாக்ஸோட ஃபார்மேட் ப்ராப்பர்ட்டியில வைங்க. மதிப்பைத் தொடாதீங்க.

சரி பண்ணும்போது ஒரு எச்சரிக்கை. இருக்கிற காலத்தோட வகையை நேரடியா மாத்தாதீங்க. '5000, வேட்டி'ன்னு இருக்கிறதை எண்ணா மாத்த முடியாதுன்னு ஆக்சஸ் ஒரு செய்தி காட்டும்; நீங்க ஆமாம்னு அழுத்தினா அந்தத் தகவல் அழிஞ்சுடும். அது ஒரு குடும்பத்தோட கணக்கு. முதல்ல ஃபைலைக் காப்பி எடுங்க. புதுசா ஒரு கரன்சி காலம் சேருங்க, தொகையை அதுக்குள்ள கொண்டு வாங்க, வேட்டி துண்டை எல்லாம் 'குறிப்பு'ன்னு தனிக் காலத்துல வைங்க. ஒவ்வொரு வரியும் வந்து சேர்ந்துடுச்சான்னு எண்ணிப் பாத்த பிறகு பழைய காலத்தைத் தூக்குங்க.

இது மொய்க் கணக்குக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல. செப்ட்1, மார்ச்1-ன்னு பேர் இருந்த மனித ஜீன்களை எக்செல் தேதின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்தது. கடைசியில ஜீன்களுக்குப் பேர் வைக்கிற குழு, அந்த ஜீன்களோட பேரையே மாத்திட்டாங்க. 2020-ல அதுக்கான விதிமுறையும் வெளியிட்டாங்க. தகவலோட வகையைக் கவனிக்காம விட்டா விஞ்ஞானிகளுக்கும் இதே கதிதான்.

காலிக்கு நிறம் கிடையாது

அடுத்தது அந்தக் காலி வரிகள். விருந்துக்கே வராதவங்களுக்கு 'வந்தது'ல ஒண்ணுமே இருக்காது. 0 இல்ல, ஒண்ணுமே இல்ல. டேட்டாபேஸ்ல இதுக்கு நல்னு பேர். 'தெரியாது'ன்னு வச்சுக்கங்க.

5,000 தெரியாததை விடப் பெருசா? பதில், தெரியாது. தெரியாதது 5,000-க்குச் சமமா? அதுக்கும் தெரியாது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் 'ஆமாம்'னு வந்தாத்தான் நிறம் போடும். அதனால சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல, வெள்ளை. ஒரு ரூபாய்கூடத் திருப்பாதவங்க சிவப்புப் பட்டியல்லயே வரல. மாமாவோட ஆளு சில வரியில கையால 0 அடிச்சிருக்கார். அவங்க மட்டும் சிவப்பு. வராதவங்கள்லயே பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

இதுக்கு ஆக்சஸ்ல என்-இசட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. காலியா இருந்தா 0-ன்னு எடுத்துக்கோன்னு சொல்லும். ஆனா குவெரிக்குள்ள என்-இசட் போட்டா வர்ற பதிலை ஆக்சஸ் பல நேரம் டெக்ஸ்ட்டா எடுத்துக்கும், மறுபடி 5000, 10000 கதைதான். அதனால அதைச் சி-கர்னு சொல்ற, கரன்சியா மாத்துற ஃபங்ஷனுக்குள்ள போட்டேன். ரெண்டும் சேர்ந்துதான் மருந்து.

ஒரு விஷயம், எல்லாக் காலியையும் 0 ஆக்கணும்னு இல்ல. 'வரல'ங்கிறதும் 'வந்தார், ஆனா பணம் எழுதல'ங்கிறதும் ஊர்ல வேற வேற. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சு இந்தப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ஞ்சதே, அதுக்கப்புறம் வர முடியாம இருந்தவங்களும் ஏமாத்துறவங்களும் ஒரே நிறத்துல வரக் கூடாது. அதை ஃபங்ஷன் முடிவு பண்ணாது, கணக்கு எழுதுறவர்தான் முடிவு பண்ணணும்.

யார் முன்னாடி நிக்கிறாங்க

நீலம் ஒரு லேப்டாப்ல வந்து இன்னொண்ணுல வராததுக்குக் காரணம் விதிகளோட வரிசை. ஆக்சஸ் விதிகளை மேல இருந்து கீழே பாக்கும். முதல்ல எது உண்மையோ அதைப் போட்டுட்டு நிறுத்திடும். 'சமமா அல்லது அதிகமா வந்தா பச்சை' மேல இருந்தது, 'அதிகமா வந்தா நீலம்' கீழ இருந்தது. அதிகமா எழுதினவர் பச்சையிலயே மாட்டிக்குவார், நீலத்துக்குப் போகவே மாட்டார். குறுகலான விதி மேல, அகலமான விதி கீழ. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

மாமா இதை ஒரு லேப்டாப்ல தானே கண்டுபிடிச்சு மாத்தியும் வச்சிருக்கார். இன்னொரு லேப்டாப்ல மாத்தல. தகவல் ஃபைல் பொதுவா ஒரு இடத்துல இருந்தாலும் ஃபார்ம் ஒவ்வொரு லேப்டாப்லயும் தனிக் காப்பி. ரெண்டு காப்பி, ரெண்டு வரிசை. இப்ப ஃபார்மோட மூலையில பதிப்பு எண் போட்டிருக்கோம். விருந்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லா லேப்டாப்லயும் அதே எண்தானான்னு பாக்கணும். அப்புறம், ஆக்சஸ் 2007 வரைக்கும் ஒரு கன்ட்ரோலுக்கு மூணு விதிதான். 2010-லதான் அது 50 ஆச்சு. பழைய லேப்டாப்ல நாலாவது விதியைத் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க.

நான் முதல்ல பண்ணின தப்பு

விதி எல்லாம் எதுக்கு, கோடுலயே நிறம் மாத்திடலாமேன்னு தோணும். காலேஜ்ல நானும் அதைத்தான் பண்ணேன். வரிக்கு வரி நகரும்போது ஓடுற கரன்ட் ஈவென்ட்ல, பாக்கி இருந்தா பின்னணியைச் சிவப்பாக்குன்னு எழுதினேன். ஒரு வரியைத் தொட்டா மொத்தப் பட்டியலும் சிவப்பு, அடுத்த வரியைத் தொட்டா மொத்தமும் பச்சை.

கன்டினியுவஸ் ஃபார்ம்ல 50 வரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கிறது ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தான். அதையேதான் 50 தடவை வரையுது. அதோட நிறத்தை மாத்தினா எல்லா வரியிலயும் மாறும். வரிக்கு வரி தனி நிறம் வேணும்னா கண்டிஷனல் ஃபார்மேட்டிங்தான் வழி.

கோடுல தேதி எழுதுறவங்களுக்கும் ஒண்ணு. ஹாஷ் குறிக்கு நடுவுல 5/8-ன்னு போட்டா நமக்கு ஆகஸ்ட் 5. ஆக்சஸ் அதை அமெரிக்க வழக்கப்படி மே 8-ன்னு படிக்கும். 13/8-ன்னு போட்டா 13-வது மாசம் இல்லங்கிறதால அதுவே திருத்திக்கிட்டு ஆகஸ்ட் 13-ன்னு எடுத்துக்கும். ஆக, மாசத்துல 12-ம் தேதி வரைக்கும் தப்பு, 13-ல இருந்து சரி. டேட்சீரியல் ஃபங்ஷன்ல வருஷம், மாசம், நாள்னு தனித்தனியாக் கொடுத்துட்டா இந்தக் குழப்பம் இருக்காது.

தாமதமா வர்ற நிறம்

கடைசியா ஒண்ணு. வரியோட இடது ஓரத்துல பென்சில் படம் தெரிஞ்சா அந்த வரி இன்னும் சேவ் ஆகல. டேபிள்ல இருந்து கூட்டிப் பாக்குற டி-சம் மாதிரி ஃபங்ஷனுக்கு அந்தத் தொகை தெரியாது. அதுவும் இல்லாம, வரிக்கு வரி டி-சம் போட்டா மெதுவாகும். நிறம் கொஞ்சம் பின்னாடியே வரும், ஸ்க்ரோல் பண்ணும்போது தப்பா நிக்கிற மாதிரி தெரியும். கணக்கை ஃபார்ம்ல போடாம குவெரியில போடுங்க.

அடுத்த மேசையில இன்னொருத்தர் எழுதின புது வரி உங்க திரையில தெரியலையா? ரெஃப்ரெஷ் ஏற்கெனவே இருக்கிற வரிகள்ல நடந்த மாற்றத்தை மட்டும்தான் காட்டும். புது வரி வேணும்னா ரீகொயரி பண்ணணும்.

இப்ப எப்படி வச்சிருக்கோம்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வந்தேன். குவெரியில 'நிலை'ன்னு ஒரே ஒரு காலம். வரலன்னா 0, பாக்கின்னா 1, சரின்னா 2, புது மொய்யும் இருந்தா 3. கணக்கு, காலியைச் சமாளிக்கிறது, வகை மாத்துறது எல்லாம் அந்த ஒரு காலத்துக்குள்ள. ஃபார்ம்ல இருக்கிற நாலு விதியும் 'நிலை' எதுக்குச் சமம்னு மட்டும்தான் கேக்கும். நாலுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும், அதனால வரிசைச் சண்டையே கிடையாது. தப்பு வந்தாலும் தேட வேண்டியது ஒரே இடம்.

நிறத்துக்குப் பக்கத்துல 'பாக்கி', 'சரி'ன்னு வார்த்தையும் வரும். சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்க நம்ம நடுவுல இருக்காங்க. பிரிண்டர்ல கறுப்பு மை மட்டும்தான் இருக்குங்கிறது இன்னொரு காரணம்.

அப்புறம் ஒரு சோதனைக் குடும்பம் உருவாக்கினேன், எட்டு வரி. 5,000-க்கு 10,000. 5,000-க்கு 800. 500-க்கு 500. 5,000-க்கு 4,999. 5,000-க்கு 0. 5,000-க்குக் காலி. செஞ்சது காலி, வந்தது 1,000. ரெண்டும் காலி. ஒவ்வொண்ணுக்கும் என்ன நிலை வரணும்னு முதல்ல பேப்பர்ல எழுதிட்டு, அப்புறம் திரையைப் பாத்தேன். ஏழு சரி. ரெண்டும் காலியா இருந்த வரி, 0-வும் 0-வும் சமம்னு, 'சரி'ன்னு பச்சையில வந்தது. அதையும் திருத்தினேன். இனி ஃபார்ம்ல என்ன மாத்தினாலும் இந்த எட்டு வரியை ஓட்டிப் பாக்காம பந்தலுக்குப் போறதில்ல.

திங்கக்கிழமை பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மாமா என்னைக் கூட்டிக்கிட்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனார். திருத்தின பட்டியலைக் கையில கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு தன் பேரைத் தேடினார். 'செஞ்சது 5,000, வந்தது 10,000, புது மொய் 5,000.' ரெண்டு தடவை படிச்சார். "நிறம் என்னவோ போட்டுட்டுப் போங்க தம்பி. தொகையைப் பக்கத்துல எழுதிக் கொடுத்திருந்தா அந்தப் பையன் கேட்டிருக்கவே மாட்டான்"னார்.

இப்ப மாமா கொடுக்கிற பட்டியல்ல எல்லாப் பேருக்கும் நேரா ரெண்டு தொகையும் இருக்கும். கொடுக்கிறதுக்கு முன்னாடி அவரே ஒருமுறை உக்காந்து படிச்சுடுறார்.

உங்க ஆபீஸ்லயும் ஏதாவது டாஷ்போர்டு பச்சையா இருக்கும். நாளைக்கு ஒரு வரியை எடுத்து, அது ஏன் பச்சைன்னு கீழ இருக்கிற எண்ணை வச்சு நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.